மரமும் நீலமும்

அரபு மொழியில் 'ஊத்' என்னும் சொல்லுக்கு மரம், கட்டை என்பன பொருள். நரம்பிசைக் கருவி ஒன்றுக்கும் அதுவே பெயராயிற்று. அந்த 'அல்-ஊத்' ஐரோப்பா சென்று 'லூட்' ஆனது. நம் இளைய மகன் மாமரப் பலகையுடன் வந்து, மின்கிடார் ஒன்றின் உடற்பகுதியைத் தானே செதுக்கப்போவதாகக் கூறியபோது நமக்கு நினைவு வந்தது அகராதிதான். அவனுடைய மாமாவுக்கு வேறு நினைவு வந்தது. "என்ன மச்சான், ஆலிம் வீட்டில் தந்தி வாத்தியமா?" என்றார்.

நாம் ஓதிக்கொடுக்கும் ஷாஃபிஈ நூல்கள் தந்திக் கருவிகளை அனுமதிப்பதில்லை. அதை மகனிடம் மறைக்கவில்லை. இப்னு ஹஸ்ம் அதில் மாறுபட்டதையும் மறைக்கவில்லை. இரண்டையும் கேட்டுக்கொண்டவன், "வாப்பா, நீலச் சாயம் கலக்கத் தெரியுமா?" என்றான். மதரஸாவில் மை காய்ச்சிய கை இது என்பதை அவன் அறிவான். ஆறு மாதமாக ஸலாமுக்கு மேல் நம்மிடம் அதிகம் பேசாதிருந்த பிள்ளை! மறுக்க மனம் வரவில்லை.

ஸ்பிரிட்டில் கரைத்த சாயம் நொடியில் உலர்ந்து, பூச்சு ஒன்றன்மேலொன்று ஏறிய இடமெல்லாம் பட்டையடிக்கும். எனவே நீரில் கரைத்தோம். நீரோ மரத்தின் நாரை எழுப்பிவிடும். அதனால் முன்னதாகவே ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, நயமான உப்புத்தாளால் தேய்த்தோம்.

அதே பலகையின் வெட்டுத்துண்டில் நீலத்தைத் தடவினோம், பச்சையாயிற்று. மாமரத்தின் இயல்பான மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் வேறென்னவாகும்? மஞ்சளை அடக்குவது ஊதா. 10 துளி நீலத்துக்கு 1 துளி ஊதா என்று தொடங்கி, ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் அளவை எழுதி வந்தோம். 7ஆவது துண்டில், 10க்கு 3 என்றபோது, நீலம் நீலமாயிற்று. உலர்ந்ததும் அது சாம்பல் பூத்தாற்போல் மங்கவே மகன் முகம் வாடினான். ஈரத்தில் கண்ட நிறம் வார்னிஷ் ஏறியதும் ஏறக்குறைய அப்படியே மீளும் என்று கூறி, துண்டில் பூசிக் காட்டினோம். குறுக்குவெட்டு விளிம்புகள் சாயத்தை அதிகமாகக் குடித்துக் கறுக்கும். அவ்விடங்களுக்கு மட்டும் நீர் கூட்டிய கலவை.

உலரக் காத்திருந்த வேளையில் ஸிர்யாபைப் பற்றிச் சொன்னோம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறங்களில் அமைந்த ஊத் நரம்புகள் நான்கும் பித்தம், இரத்தம், கபம், கரும்பித்தம் ஆகியவற்றுக்கு ஒப்பானவை என்றும், குர்துபா நகரில் வாழ்ந்த அக்கலைஞர் சேர்த்த ஐந்தாம் நரம்பு உயிருக்கு ஒப்பானது என்றும் மக்கரீ எழுதுகிறார். மகன் பதிலுக்கு, 1958 முதல் 1960 வரை அமெரிக்கக் கிப்சன் நிறுவனம் செய்த லெஸ் பால் கிடார்களைப் பற்றிச் சொன்னான். அவற்றில் பலவற்றின் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறி மஞ்சளே மிஞ்சிவிட்டதாம். அப்படி வெளிறியவற்றுக்கும் இன்று பெருவிலையாம். இஷா பாங்கு கேட்கும்வரை பேச்சு ஓயவில்லை.

தந்தி கட்டுவது குறித்து இருவரும் இன்னும் வாய் திறக்கவில்லை. மாமாவும் நாளை வருவதாகச் சொல்லியிருக்கிறார். சுப்ஹுக்குப் பின் இரண்டாம் பூச்சு.