கேமராவின் கண்ணில் ஒரு தூசி

தோட்டத்துப் பெற்றோர் காசு சேர்த்து எங்கள் ரெம்பியா பள்ளிக்கு வாங்கித் தந்த கேமரா அது. எந்தப் படம் எடுத்தாலும் வானத்தில் ஒரே இடத்தில் ஒரு கரும்புள்ளி!

பிலிம் காலத்தில் படத்துக்குப் படம் பிலிம் நகரும். ஒட்டிய தூசியும் கூடவே போய்விடும். டிஜிட்டல் சென்சாரோ நகர்வதில்லை. நல்லவேளையாக, தூசி படிவது அதை மூடியுள்ள கண்ணாடியின் மேல்தான்.

பேட்டரியை முழுக்க ஏற்றினேன். பாதியில் தீர்ந்தால் உள்ளே தூக்கிய கண்ணாடி விழுந்துவிடும். துப்புரவு முறையில் வைத்து, லென்சைக் கழற்றி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் ஊதியால் நான்கைந்து முறை ஊதினேன். வாயால் ஊதக் கூடாது. எச்சில் தெறித்தால் கறைதான். பிறகு எஃப் 16-இல் வானத்தைப் படமெடுத்துப் பார்த்தேன். புள்ளி போயே போச்சு!

இனி வகுப்புப் படத்தில் எந்தப் பிள்ளையின் தலைக்கு மேலும் கறை இருக்காது.