கார்த்திகைக் கணக்கு

நம் பக்கத்தில் விரதங்களுக்குப் பஞ்சம் கிடையாது. சஷ்டிக்கு ஒருவர் பட்டினி கிடப்பார். கிருத்திகைக்கு ஒருவர் மயிலம் மலை ஏறுவார். பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலைக்குப் போய்ப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றிவிட்டு, மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல ஆபீசுக்குப் போகிறவர்கள் எங்கள் திண்டிவனத்தில் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். இவர்களை யாரும் ‘ஏன்?’ என்று கேட்பதில்லை. ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் ஒருவன், மாதம் ஒரு நாள் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பது என்று சங்கல்பம் செய்துகொண்டால் மட்டும், “டாக்டரைப் போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுங்களேன்” என்று வீட்டில் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

இந்தப் பைத்தியம் எங்கள் மூளையில் உதித்ததல்ல. பிரெஞ்சுக்காரர்களுடையது. 1891-இல் பாரிஸிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பிரெஸ்ட் நகரம் வரை போய்த் திரும்பி வர ஒரு பந்தயம் வைத்தார்கள். ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். சார்லஸ் தெரோன் என்பவர் எழுபத்தொரு மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொண்டு முதலாவதாக வந்தார். பிற்பாடு பந்தயக்காரர்கள் அதைக் கைவிட்டாலும் சாதாரண மனிதர்கள் விடவில்லை. ‘துணிந்தவன்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லைப் பெயரில் வைத்துக்கொண்ட ஒரு பாரிஸ் சங்கம், இன்றைக்கும் நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரயாணத்தை நடத்திக்கொண்டிருக்கிறது. தொண்ணூறு மணி நேரம் அவகாசம். அதற்குப் போக வேண்டுமானால் முதலில் 200, 300, 400, 600 என்று படிப்படியாக மிதித்துக் காட்டவேண்டும். நம் தேசத்திலும் அந்தச் சங்கத்தின் விதிகளின்படி நடத்துகிறார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட சிலர் முதுகில் பளபளக்கும் மஞ்சள் சட்டையும் பின்னால் சிவப்பு விளக்குமாக எங்கள் ஊர் மேம்பாலத்தைத் தாண்டிப் போவதை, பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு ராத்திரி நானே பார்த்திருக்கிறேன்.

விதிகளைக் கேட்டபோது எனக்கு இதில் ஒரு மோகம் விழுந்தது. இருநூறு கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம். அதற்குள் வந்தால் தேறினான், பிந்தினால் தேறவில்லை. முதல், இரண்டாவது என்ற ஸ்தானமெல்லாம் கிடையாது. வழியில் குறித்த இடங்களில் ஒரு அட்டையில் நேரம் எழுதி முத்திரை வாங்கவேண்டும். முத்திரை போட ஆள் இல்லாத ஊரில் டீக்கடை ரசீது போதும். பின்னாலேயே கார் வைத்துக்கொண்டு பழமும் பாலும் ஊட்டிவிட ஆள் கூடாது. சைக்கிள் பஞ்சரானால் தானே ஒட்டிக்கொள்ளவேண்டும்.

இதிலே இங்கிலாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் ஒரு கிளை விரதம் வைத்திருக்கிறார்கள். மாதம் தவறாமல் ஒரு இருநூறு; தொடர்ந்து பன்னிரண்டு மாதம். எந்த மாதத்தில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆனால் நடுவில் ஒரு மாதம் விட்டால் பழைய கணக்கெல்லாம் போச்சு. மறுபடியும் ஒன்று என்று ஆரம்பிக்க வேண்டியதுதான். கோடையில் சுலபமாகத் தாண்டிவிடுகிற வெள்ளைக்காரன், டிசம்பரிலும் ஜனவரியிலும் பனிக்கட்டி உறைந்த சாலையில்தான் மாட்டிக்கொள்கிறானாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் என் சிநேகிதர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். “பன்னிரண்டு மாசம் நமக்கு வேண்டாம் சார். குளிர்காலம் ஐந்து மாசம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. வெயில் இல்லாத மாசங்கள்தானே?” என்றார். வெயில் இல்லைதான். வேறு என்ன இருக்கிறது என்பதை அப்போது இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

பாதையையும் அவரே போட்டார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் முப்பத்தெட்டு. அங்கிருந்து செஞ்சி இன்னொரு முப்பத்தெட்டு. செஞ்சியிலிருந்து தீவனூர் வழியாகத் திண்டிவனம் இருபத்தெட்டு. ஆகக்கூடி நூற்று நாலு. இரண்டு சுற்று மிதித்தால் இருநூற்றெட்டு. “எட்டு கிலோமீட்டர் ஸ்வாமிக்கு” என்றார் வாத்தியார். காலை நாலரைக்குப் புறப்பட்டால் மாலை ஆறு மணிக்குள் திரும்பியாக வேண்டும். எங்களுக்கு எந்தச் சங்கமும் முத்திரை போடப் போவதில்லை. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். வழியில் கடைக்காரர்களிடம் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்குவது என்று ஏற்பாடு.

2024 அக்டோபரில், தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், முதல் சுற்றுப் பிரயாணம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நன்றாகப் போனோம், நன்றாக வந்தோம், இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை.

நவம்பரில் ஞாயிற்றுக்கிழமைகள் கல்யாணங்களில் போய்விட்டன. மிஞ்சியது 30-ஆம் தேதி சனிக்கிழமை. அன்றைக்குத்தான் ஃபெஞ்சல் புயல் வந்தது. வந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அன்றிரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய புயல், வழக்கமாகப் புயல்கள் போகிற மாதிரி போகாமல், மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எங்களுக்குப் பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை கொட்டியது. காலை நாலு மணிக்கு வாத்தியார் டெலிபோன் செய்து, “என்ன சார் செய்யலாம்?” என்றார். பின்னால் மழையின் இரைச்சலில் அவர் குரல் எனக்குப் பாதிதான் கேட்டது. “படுத்துத் தூங்கலாம்” என்றேன்.

அடுத்த இரண்டு நாள் எங்கள் ஊர் எங்கள் ஊராக இல்லை. கிடங்கல் ஏரி நிரம்பி வழிந்தது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் ஊராகச் சொல்லப்படுகிற அதே கிடங்கில்தான். சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட, தென்பெண்ணை விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் நெடுஞ்சாலையின் மேலேயே ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட வந்ததால் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு உயிர்கள் போயின. இத்தனைக்கும் நடுவில், நவம்பர் மாதம் முடிந்து எங்கள் சங்கல்பமும் அறுந்ததைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வது?

டிசம்பர் முதல் வாரம் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். கையில் பஞ்சாங்கம்.

“சார், நாம் எந்த மாசக் கணக்கு என்று பேசிக்கொள்ளவே இல்லையே! இங்கிலீஷ் மாசம் என்று யார் சொன்னது? கார்த்திகை பிறந்தது நவம்பர் 16-இல். முடிகிறது டிசம்பர் 15-இல். போன தடவை போனது ஐப்பசி. வருகிற ஞாயிற்றுக்கிழமை போனால் கார்த்திகை. சங்கிலி அறவே இல்லை!”

எனக்கு இதில் பூரண சம்மதம் என்று சொல்ல முடியாது. தேர்வு எழுதி முடித்த பிறகு கேள்வித்தாளை மாற்றுவது போல இருந்தது. ஆனால் கணக்கு வாத்தியாரே சொல்லும்போது கதை எழுதுகிறவன் என்ன ஆட்சேபிப்பது? என் நோட்டில் நவம்பர் என்ற தலைப்புக்குக் கீழே வெற்றாக விட்டேன். அவர் தம்முடையதில் நவம்பரை அடித்துக் கார்த்திகை என்று எழுதிக்கொண்டார். டிசம்பர் 8-ஆம் தேதி இருட்டில் கிளம்பினோம்.

நெடுஞ்சாலை கழுவித் துடைத்தது போல் இருந்தது. இரண்டு பக்கமும் அப்படி இல்லை என்பது பொழுது விடிய விடியத்தான் தெரிந்தது. கதிர் விட்ட நெல் மண்ணோடு படுத்து, சில வயல்களில் முளையே விட்டிருந்தது. மின்சாரக் கம்பங்கள் குடித்தவர்கள் போல் சாய்ந்து நின்றன. ஒரு வீட்டுச் சுவரின் மேல் பள்ளிக்கூடப் புஸ்தகங்களைப் பிரித்துக் காயவைத்திருந்தார்கள்.

விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடை. கூரையில் பாதிதான் இருந்தது. சுவரில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அங்கே நேரம் எழுதி வாங்கலாம் என்று இறங்கி நோட்டை எடுத்தோம். கடைக்கார அம்மாள் எங்கள் மஞ்சள் சட்டையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தாள்.

“கணக்கெடுக்க வந்தீங்களா சார்? ஆறு நாளா யாருமே வரல. எழுதிக்கங்க. ரெண்டு ஆடு. பின்பக்கச் சுவரு. ரேஷன் கார்டு தண்ணில போயிடுச்சி, நம்பரு மட்டும் பையன் செல்லுல இருக்கு.”

“நாங்க அதுக்கு வரலைம்மா. சும்மா சைக்கிள்ல...” என்று நான் தொடங்கினேன். அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது? சும்மா இருநூறு கிலோமீட்டர் மிதிக்கிறோம் என்றா?

வாத்தியார் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து, “நாங்க சர்க்கார் ஆளுங்க இல்லைம்மா. ஆனா எழுதி வி.ஏ.ஓ.கிட்ட கொடுக்கிறேன். சொல்லுங்க, பேரு?” என்றார்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினார். அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து இன்னும் நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒருவருக்கு மோட்டார் போயிற்று. ஒருவருக்குக் கறவை மாடு. ஒரு கிழவர் தமக்கு ஒன்றும் போகவில்லை என்றும், ஆனால் தம் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அவர் பெயரையும் எழுதினார். முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் எழுதிய கை, அழகான எழுத்து. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அந்த அம்மாள் பிடிவாதம் பிடித்ததில் இன்னும் ஐந்து நிமிஷம்.

அந்த ஐம்பத்தைந்து நிமிஷத்தை மீட்கத்தான் பகல் முழுவதும் பாடுபட்டோம். இந்தப் பருவத்தில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். தெற்கே விழுப்புரம் போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற அதே காற்று, செஞ்சியிலிருந்து திண்டிவனத்துக்குத் திரும்பும்போது மார்பில் கை வைத்து நிறுத்தும். குளிர் தேசத்துக்காரனுக்குப் பனிக்கட்டி என்றால் நமக்கு இந்த வாடையும் தண்ணீரும். இரண்டாவது சுற்றில் செஞ்சிக் கோட்டையின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அதற்கு ஏழு மாதம் கழித்து, 2025 ஜூலையில், யுனெஸ்கோ அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அன்றைக்கு நாங்கள் அதைத் தலை தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

தீவனூர் வரும்போதே தெரிந்துவிட்டது. இன்னும் பதின்மூன்று கிலோமீட்டர். கையில் கால் மணி கூட இல்லை. தீவனூரில் இருப்பவர் பொய்யாமொழி விநாயகர். மிளகு மூட்டையோடு வந்த வியாபாரி ஒருவன், கேட்டவர்களுக்குக் கொடுக்க மனமில்லாமல் உளுந்து என்று சொல்ல, மிளகெல்லாம் உளுந்தாகிவிட்டது என்பது ஸ்தல புராணம். அழுது மன்னிப்புக் கேட்ட பிறகு மறுபடி மிளகானதாம். வாத்தியார் வழக்கம் போல் இறங்கிக் கும்பிட்டார். சற்று அதிக நேரமே நின்றார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

திண்டிவனம் வந்து சேர்ந்தபோது ஆறு இருபத்தைந்து. பதின்மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிஷம். தெரு விளக்கின் கீழே நின்று வாத்தியார் நோட்டை எடுத்தார். நான் சும்மா இருக்கவில்லை. “டீக்கடையில் நின்ற நேரத்தைக் கழித்துவிடலாமே சார்! அது பிரயாணத்தில் சேராதே” என்றேன். பஞ்சாங்கத்தை மாற்றினவர், இதற்கும் ஒரு வழி வைத்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

“அது எப்படி? நேரம் என்றால் நேரம்தான்” என்றார். கார்த்திகை என்ற தலைப்புக்குக் கீழே 13-55 என்று எழுதி, தேறவில்லை என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் போடுகிற மாதிரியே சிவப்பு மையால் ஒரு சுழி போட்டார். சிவப்புப் பேனாவை ஏன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆக, இங்கிலீஷ் கணக்கிலும் அறுந்தது, தமிழ்க் கணக்கிலும் அறுந்தது. மறுபடியும் மார்கழியை ஒன்று என்று வைத்துக்கொண்டோம். டிசம்பர் 29-ஆம் தேதி, ஏரிக்கரைகளில் பனிமூட்டம். கோயில் ஒலிபெருக்கிகள் ஒரு ஊர் எல்லையில் விட்ட பாட்டை அடுத்த ஊர் எடுத்துக்கொண்டது. இருட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் மங்கிக் குல்லாய் போட்ட எங்களைக் கண்டு திருடர்கள் என்று நினைத்திருக்கக்கூடும். உஷ்ணமானி இருபது டிகிரிக்கு அருகில்தான் காட்டியது. ஆனால் பனியில் நனைந்த மார்புக்கு அது இமயமலை. கணக்குப் பார்த்த என் மனைவி, “மார்கழி, தை, மாசி, பங்குனி, சித்திரை. அஞ்சாவது மாசம் கத்திரி வெயில் வந்துடுமே! குளிர்காலம்னுதானே சொன்னீங்க?” என்றாள். அதற்கு வாத்தியாரிடமும் பதில் இல்லை.

தை மாதப் பிரயாணம் குடியரசு தினத்தன்று. முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள், பின் விளக்கு இல்லாமல், ஓர் ஊரே நகர்வது போல் நகர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் பின்னால் பயந்து பயந்து போய் அதே டீக்கடையில் இறங்கினோம். கூரைக்கு நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். சேற்றுக் கோடு சுண்ணாம்புக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது. அந்த அம்மாளுக்கு எங்களை அடையாளம் தெரிந்துவிட்டது.

“ரெண்டாயிரம் வந்துச்சி சார். நீங்க எழுதிக் குடுத்தது தானோ, அவங்களா குடுத்தாங்களோ, வந்துச்சி. ஆடுதான் வரல” என்றாள்.

வி.ஏ.ஓ.விடம் தாம் கொடுத்துவிட்டு வந்த காகிதம் என்ன ஆயிற்று என்று வாத்தியாருக்கே தெரியாது. அவர் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் எங்கள் இரண்டு நோட்டையும் வாங்கிக்கொண்டாள். கடையில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்து, ஆறு மணி ஐந்து நிமிஷம் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதி, கீழே தன் பெயரைப் போட்டுக் கொடுத்து, “டீ ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க. நேரமாவுதில்ல உங்களுக்கு?” என்றாள்.