கூடப் போக ஒரு ஆள்

என் கணவர் காலமான பிறகு வீட்டில் இருக்கவே மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் என்றால் எட்டு, அந்தியேட்டி என்று ஊரே வந்து போகும். இங்கே சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் எல்லோருக்கும் வேலை. சொந்தக்காரரும் சனி, ஞாயிறில்தான் எட்டிப் பார்க்கலாம்.

என்னை வெளியே இழுத்தவள் பக்கத்துத் தெருப் பிள்ளை. தஞ்சம் தேடிப் படகில் வந்தவள். 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தபோது, இலவச சட்ட உதவிக்குப் போகத் துணை கேட்டாள். பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். அவள் கை நடுக்கம் நின்றது.

இப்போது வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி, அரச கொடுப்பனவுகளுக்கான சென்டர்லிங்க் அலுவலகம் என்று பலரோடு போகிறேன். டொக்டர் சொல்வதை நான் மொழிபெயர்ப்பதில்லை. ஒரு சொல் பிசகினாலும் ஆபத்து. 131 450-க்கு அழைத்தால் எந்த நேரமும் தொலைபேசி உரைபெயர்ப்புக்குக் கேட்கலாம். போரின் நினைவுகளால் நித்திரையில்லாமல் தவிப்பவர்களுக்கு, 1988 முதல் இயங்கும் ஸ்டார்ட்ஸ் நிறுவனம் இலவசமாக உளவள ஆலோசனை தருகிறது. வெட்கப்படாமல் போங்கள்.

என் துக்கம் தீரவில்லை. ஆனால் காலையில் எழும்ப ஒரு காரணம் இருக்கிறது. துணையை இழந்து தனித்திருக்கும் அக்காமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கு இந்த ஊர் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு அதுவே பெரிய உதவி. உள்பெட்டியில் எழுதுங்கள், சேர்ந்து செய்வோம்.