குண்டிலே கருணை உண்டா?

யானையை எந்தக் குண்டால் சுடவேண்டும் என்பதைப் பற்றி இந்தப் பக்கத்தில் என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயந்தான். துப்பாக்கியை நான் கையால் தொட்டதுகூட இல்லை. 'ரவை' என்றால் உங்களைப் போலவே எனக்கும் உப்புமாதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆப்பிரிக்க வேட்டையைப் பற்றிப் படிக்கப் போய், ஒரு விஷயம் மனத்திலே தைத்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெரிய மிருகங்களைச் சுடும் ரைபிள் குண்டில் முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று, நுனியில் ஈயம் வெளியே தெரியும் ஈயமுனைக் குண்டு; உடம்பில் பட்டதும் காளான் போல விரிந்துவிடும். மற்றது, நுனிவரை கெட்டியான உலோகம் போர்த்த கவசக் குண்டு. விரியாமல் நேரே துளைத்துக்கொண்டு போகும்.

சிங்கத்துக்கு ஈயமுனை. கவசக் குண்டு என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். அடிபட்ட சிங்கம் புதரில் பதுங்கிவிடும். அப்புறம் அந்த வழியே போகிறவன் கதி என்ன? யானைக்கோ கவசக் குண்டுதான் வேண்டும். அதன் மூளை, தேனடை போன்ற எலும்புக்கு உள்ளே வெகு ஆழத்தில் இருக்கிறது. ஈயமுனை பாதி வழியிலேயே விரிந்து நின்றுபோகும். யானை உடனே சாகவும் சாகாது; பிழைக்கவும் பிழைக்காது. நாட்கணக்கில் வேதனைதான் மிச்சம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கரமோஜோ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தந்தத்துக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார். பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் கவசக் குண்டால்! அதன் எடை 173 கிரெயின். ஒன்றரைச் சவரனுக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு சிறிய குண்டால் எப்படி முடிந்தது? யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, மூளை இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டார். அவருடைய தொழிலை நான் மெச்சவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு சுட்டார் என்பதை மறுப்பதற்கில்லை.

இன்னொரு வேடிக்கை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊர் இருக்கிறதல்லவா? 1890களில் அங்கே இருந்த ஆயுதச் சாலையில், விரியும் குண்டு செய்தார்கள். அது கொடூரம் என்று சொல்லி, போரில் அந்த ஜாதிக் குண்டே கூடாதென்று 1899இல் ஹேக் நகரில் பல தேசங்கள் உறுதி சொல்லின. வேட்டையிலோ அதே ஜாதிக் குண்டைக் கருணை என்கிறார்கள்! யோசித்துப் பார்த்தால் காரணம் இல்லாமல் இல்லை. அடிபட்ட சிப்பாயைத் தூக்கிப்போக ஆள் உண்டு. கட்டுப்போட நர்ஸ் உண்டு. அடிபட்ட சிங்கத்துக்கு யார் இருக்கிறார்கள்? அதற்குச் சீக்கிரம் வருகிற சாவு ஒன்றுதான் வைத்தியம்.

கென்யா 1977இல் வேட்டைக்குத் தடை போட்டுவிட்டது. ஆப்பிரிக்காவின் வேறு சில நாடுகளில் அனுமதிச் சீட்டோடு இன்றும் நடக்கிறது. சுடவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. சுட்டே தீருவேன் என்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி: "ஐயா, உம்முடைய குண்டு பட்ட பிறகு அந்த ஜீவன் எத்தனை நேரம் துடிக்கும் என்று விசாரித்தீரா?"