ஊர் தெரியாத கற்கள்

கனிமம் சேர்ப்போரை முதலில் ஈர்ப்பது நிறமே. நம்மை ஈர்த்தது கவான்சைட்டின் நீலம். கால்சியம், வனேடியம், சிலிக்கன் ஆகிய தனிமங்களைச் சுருக்கி அமைத்த பெயர் அது. கவித்துவம் ஏதும் அதில் இல்லை. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இக்கனிமத்தின் தலைசிறந்த மாதிரிகளைத் தந்தவை புனேக்கு அருகிலுள்ள வாகோலிக் கல்குவாரிகள்.

ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பரவிய எரிமலைக் குழம்பில் வாயுக் குமிழிகள் சிறைப்பட்டன. குழம்பு இறுகியபின் அக்குமிழிகள் பொந்துகளாக எஞ்சின. பின்னர் அவற்றில் ஊறிய வெந்நீரில் கரைந்திருந்தவை படிகங்களாயின. இன்று அப்பாறைகளை உடைப்பதோ ஜல்லிக்காக. தொழிலாளியின் கண்ணில் பட்டுக் கை நின்றால் படிகம் பிழைக்கும். இல்லையேல் சாலைக்கடியில் போகும்.

அப்படிப் பிழைத்த கல்லுக்கு இரண்டாம் அழிவும் உண்டு. மறைந்த மண்ணியல் பேராசிரியர் ஒருவரின் கற்கள் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மரப்பெட்டியில் நம்மிடம் வந்துசேர்ந்தன. தூசு போகக் கழுவியவர்கள் கற்களின் மேலிருந்த எண்களையும் கழுவிவிட்டிருந்தார்கள். குறிப்பேடும் கிடைக்கவில்லை. வெண்ணிற ஸ்டில்பைட்டின் மேல் நீலப் பூவாக அமர்ந்திருந்த கவான்சைட் மட்டும் தன் ஊரைத் தானே சொல்லிற்று. பெயர் அறியப்படாத சங்கப் புலவர் சிலரை அவர்தம் பாடலின் தொடராலேயே அழைக்கிறோமல்லவா, அதுபோல. ஊதா அமேதிஸ்ட் வாய் திறக்கவில்லை. பிரேசிலா, உருகுவேயா, நம் தக்காணமா? யாரைக் கேட்பது?

நிறமும் நிலைப்பதில்லை. அமேதிஸ்ட் நெடுநாள் வெயிலில் வெளிறும். செந்நிற ரியால்கர் வெளிச்சத்தில் மஞ்சள் பொடியாக உதிரும். எழுதிவைத்த ஊர்ப்பெயரோ இருட்டு, வெளிச்சம் பாராது நிற்கும்.

பேராசிரியரின் வீட்டார் அக்கற்களுக்குப் பொருத்தமான ஊர்களை எழுதித் தரக் கேட்டார்கள். அவர் நினைவாகக் காட்சிக்கு வைக்கும் ஆசை அவர்களுக்கு. ஊகித்து எழுதுவது எளிது. அட்டைகள் நிறைவாகவும் தோன்றும். ஆனால் ஏடுகளில் இடைச்செருகலைப் பிரித்தறியப் பாடுபடுவோர் கல்லில் அதைச் செய்யலாகுமா? 'ஊர் அறியப்படவில்லை' என்றே எழுதிக் கொடுத்தோம். அவர்களுக்கு வருத்தந்தான். பின்னாளில் அக்குறிப்பேடு எங்கேனும் அகப்படுமானால், சரியான பெயரை எழுத அட்டைகளில் இடம் விட்டிருக்கிறோம்.