ஆரூரும் மயிலையும்

திருவாரூரில் வாழ்ந்தவரை எங்களுக்கு மாலைப்பொழுதை அறிவித்தது கடிகாரமன்று. தியாகேசர் ஆலயத்தின் சாயரட்சை மணியோசையே. அவ்வேளையில் தேவர்களும் வந்து வழிபடுவதாக ஐதிகம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். கமலாலயக் கரையில் சற்று அமர்ந்து, பிறகு நிதானமாகத் தரிசிப்போம். ஒருநாள் வராவிட்டால், மறுநாள் பூக்காரி காரணம் கேட்பாள்.

முதுமையில் மகனோடு சென்னைக்கு வந்தோம். மயிலைக் கபாலீசுவரரைத் தரிசிக்கப் பேருந்து ஏறவேண்டும். வரிசையில், பின்னால் நிற்பவரின் அவசரத்துக்கு நகரவேண்டும். “நாம் வந்தோமா, வரவில்லையா என்று கேட்க இங்கே ஒருவருமில்லையே!” என்று என் மனைவி கலங்கினாள்.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் வந்தது. கபாலீசுவரரோடு அறுபத்துமூவரும் மாட வீதியில் எழுந்தருளினர். எங்கும் ஜனசமுத்திரம், வழிநெடுக நீர்மோரும் அன்னதானமும். முன்பின் அறியாத ஒரு பெண்மணி நீர்மோரை நீட்டி, “அம்மா, மூச்சு வாங்குகிறதே, இப்படி உட்காருங்கள்” என்று தன் வீட்டுத் திண்ணையைக் காட்டினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வடியார்களின் பெருமையைச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையாகப் பாடியது எங்கள் ஆரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அன்றோ! ஆரூரில் பாடப்பெற்றவர்கள் மயிலையில் வீதி வலம் வருகிறார்கள். நாங்கள் மட்டும் எப்படி இங்கே அந்நியராவோம்?

இப்போது பிரதோஷந்தோறும் அப்பெண்மணி புன்னை மரத்தருகே எங்களுக்காகக் காத்திருக்கிறாள். சென்றமுறை நாங்கள் போகவில்லை. மறுநாளே காரணம் கேட்டாள்.