கறுப்புக் கோட்டை ஊர்

ஜப்பானியக் கோட்டை என்றால் பலருக்கும் ஹிமேஜியின் வெள்ளைச் சுவர்தான் நினைவுக்கு வரும். நான் படிக்கப் போய்ச் சில காலம் வாழ்ந்த மாட்சுவேயின் கோட்டையோ கறுப்பு. ஷிமானே மாநிலத்தில், ஷின்ஜி ஏரிக்கரையில் இருக்கிறது அந்த ஊர். ஹோரியோ யோஷிஹாரு என்ற பிரபு 1607-ல் கோட்டை வேலையைத் தொடங்கினார், 1611-ல் முடிந்தது. உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். மார்கழிக் குளிரில் அந்தப் பலகைத் தரை உள்ளங்காலைச் சுடும். அடித்தளத்தில் கிணறு, சுவரில் துப்பாக்கி நீட்டத் துளைகள், எதிரி தலையில் கல்லைத் தள்ள இடைவெளிகள். இவ்வளவு ஏற்பாடு செய்தும் அந்தக் கோட்டை ஒரு சண்டையும் பார்க்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

ஆபத்து வந்தது எதிரியால் அல்ல, அரசாணையால். சாமுராய் ஆட்சி முடிந்த பிறகு, 1875-ல் கோட்டைக் கட்டடங்களை ஏலம் விட்டார்கள். மற்றவை இடிக்கப்பட்டன. நடுக்கோபுரத்துக்கு வந்த கேட்பு 180 யென். காட்சுபே மோட்டோயெமோன் என்ற வசதியான விவசாயியும், பழைய சாமுராய் தகாகி கொன்பாச்சியும் அதே தொகையைப் புரட்டிக் கட்டி அதை மீட்டார்கள். கட்டிய பிரபுவைவிட இந்த இருவர்மீதுதான் எனக்கு மரியாதை அதிகம்.

1950-ல் புதுச் சட்டம் வந்தபோது கோட்டை 'தேசியப் பொக்கிஷம்' என்ற தகுதியை இழந்தது. ஊராருக்கு அது தீராத மனக்குறை. கட்டி முடித்த ஆண்டைக் காட்டும் வேண்டுதல் பலகைகள் 2012-ல் ஓர் ஆலயத்தில் கிடைத்தன. அவற்றின் ஆணித் துளைகள் கோட்டைத் தூண்களோடு பொருந்தின. 2015-ல் தகுதி திரும்பி வந்தது.

பின்னாளில் ஊரை ஆண்ட மாட்சுதைரா வம்சத்தின் ஏழாவது பிரபு ஃபுமாய் தேநீர்ப் பித்தர். அவர் 1818-ல் இறந்தார்; அவர் விட்டுப்போன பழக்கம் இன்னும் சாகவில்லை. மூன்று மணி ஆனால் வீட்டுக்கார அம்மா பச்சைத் தேநீரைக் கடைந்து, பருவத்துக்கேற்ற இனிப்பு ஒன்றோடு நீட்டுவார். சடங்கு, சம்பிரதாயம் எதுவும் கிடையாது. காலையில் ஷிஜிமி போட்ட மிசோ சூப். விரல்நகம் அளவுள்ள அந்தச் சிப்பியை ஏரியில் நீண்ட கழி பிடித்து வாரி எடுப்பார்கள். உப்பும் நன்னீரும் கலந்த நீரில்தான் அது வாழும். ஏரியை நன்னீராக்கும் அரசுத் திட்டம் எதிர்ப்புகளுக்குப் பின் 2002-ல் கைவிடப்பட்டிராவிட்டால் அந்தச் சூப்பும் போயிருக்கும்.

அகழியோரத் தெருவில் எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் குடியிருந்த சாமுராய் வீடு இருக்கிறது. 1890-ல் ஆங்கில ஆசிரியராக வந்தவர், அடுத்த ஆண்டே குமாமோட்டோவுக்குப் போய்விட்டார். ஊர் அவரை இன்றுவரை விடவில்லை.

நீங்கள் போனால் குளிர்காலத்தில் போங்கள். அகழிப் படகில் அப்போது கோதாட்சு என்னும் கணப்பு மேசை வைத்திருப்பார்கள். தாழ்ந்த பாலம் வந்தால் படகின் கூரையே இறங்கும். கூடவே நீங்களும் குனிய வேண்டும். சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்பார்கள் அந்தப் பக்கத்தில். குடை எடுத்துக்கொள்ளுங்கள்.